நிமோனியா குறைந்துகொண்டிருந்த குழந்தைக்குச் சிறுநீர் நின்றுபோனது எப்படி? ரத்தம் மாற்றி ஏற்றிவிட்டார்களா?

பொன்மலைக்காரன்:

மருத்துவத் துறையில் இருக்கிறவர்கள் யாராவது பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வீட்டில் சண்டை முற்றிக்கொண்டே போகிறது, அதனால்தான் இங்கே வந்தேன்.

அக்கா மகளுக்கு 16 மாதம். போன மாதம் மூன்று நாள் காய்ச்சல், சளி. தெருமுனை கிளினிக்கில் சிரப் வாங்கிக் கொடுத்தோம். நான்காம் நாள் விடியற்காலை மூச்சு வாங்க ஆரம்பித்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம் (பெயர் வேண்டாம்). எக்ஸ்ரேயில் வலது பக்கம் முழுக்க வெள்ளை. நிமோனியா, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டது என்று நெஞ்சில் டியூப் போட்டு எடுத்தார்கள். சீழிலும் ரத்தத்திலும் நிமோகாக்கஸ் என்ற கிருமி என்று ரிப்போர்ட் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, பிள்ளை பிஸ்கட் கேட்டது. அப்பாடா என்று உட்கார்ந்தோம்.

ஐந்தாம் நாள் காலையில் அக்காதான் முதலில் கவனித்தாள். உதடு வெளுத்திருக்கிறது, கண் இமை வீங்கியிருக்கிறது, ராத்திரி கட்டிவிட்ட டயப்பரைக் காலையில் அவிழ்த்தால் கடையில் வாங்கிய மாதிரியே இருக்கிறது. மதியம் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் போனது, கடுங்காப்பி நிறம். ஹீமோகுளோபின் 10-இலிருந்து 5.8-க்கு வந்துவிட்டது, பிளேட்லெட் 28 ஆயிரம், கிரியேட்டினின் (கிட்னி வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறுவது) 3-ஐத் தாண்டிவிட்டது. எச்.யு.எஸ். (ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம், சிவப்பணு உடைந்து, பிளேட்லெட் குறைந்து, கிட்னி நின்றுபோகிற நோய்) என்று சொன்னார்கள். வயிற்றில் டியூப் போட்டு 9 நாள் டயாலிசிஸ்.

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள், சிறுநீர் நன்றாகப் போகிறது, பி.பி.க்கு மட்டும் மருந்து. சண்டை என்னவென்றால், ரத்தம் ஏற்ற வேண்டும் என்றபோது ரத்த வங்கியில் "கூம்ப்ஸ் பாசிட்டிவ் வருகிறது, இன்னொரு சாம்பிள் கொடுங்கள்" என்றார்கள் (சிவப்பணுவில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற சோதனையாம்). அப்புறம் ரத்தத்தைக் கழுவித்தான் தருவோம் என்று மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிளாஸ்மா ஏற்றுங்கள் என்று தெரிந்த ஒருவர் போனில் சொன்னதைக் கேட்டு மாமா (அக்கா வீட்டுக்காரர்) கேட்டதற்கு, "இந்தக் குழந்தைக்குப் பிளாஸ்மா கூடாது" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. மாமா போனில் தேடிப் பார்த்து, கூம்ப்ஸ் பாசிட்டிவ் என்றால் ஒவ்வாத ரத்தம் ஏற்றியதன் அடையாளம், அதனால்தான் கிட்னி போனது, கேஸ் போடுவேன் என்று நிற்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?

கேள்விக்குறி:

இதில் கேட்க என்ன இருக்கிறது சகோ? நெஞ்சில் சளி என்று போன பிள்ளைக்குக் கிட்னி போகுமா? எங்கே நுரையீரல், எங்கே கிட்னி. பில்லை ஏற்றுவதற்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்புவார்கள். முதலில் கேஸ் ஷீட் நகல் வாங்கி வையுங்கள்.

அகார்த்தட்டு:

கேஸ் ஷீட் நகல் வாங்குவது நல்ல யோசனைதான், ஆனால் வேறு காரணத்துக்காக. பொன்மலைக்காரன், அதில் ஒரே ஒரு விஷயம் பாருங்கள்: முதல் பை ரத்தம் ஏறிய நாளும் நேரமும். கூம்ப்ஸ் பாசிட்டிவ் வந்த சாம்பிள் எடுத்த நேரமும். எது முன்னால், எது பின்னால்? மாமாவுடைய வழக்கே இந்த ஒரு கேள்வியில் நிற்கிறது.

நான் 14 வருடமாக மைக்ரோபயாலஜி லேபில் இருக்கிறேன், டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கதையைப் படித்தபோதே எனக்கு விடை தெரிந்துவிட்டது, ஏனென்றால் இது அரிதாக வந்தாலும் வந்தால் ஒரே அச்சில் வரும்: இரண்டு வயதுக்குள் குழந்தை, நிமோகாக்கஸ், சீழ் கட்டிய நிமோனியா, நோய் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்துக்குள் வெளிறல், பிளேட்லெட் சரிவு, சிறுநீர் நிற்பது.

எச்.யு.எஸ். என்ற பெயரை 1955-இல் சுவிட்சர்லாந்தில் காசர் என்ற குழந்தை மருத்துவர் வைத்தார். பெரும்பாலும் அது ரத்தபேதிக்குப் பின்னால் வரும், ஒரு வகை ஈ.கோலை கிருமியின் நஞ்சால். அதில் கூம்ப்ஸ் நெகட்டிவாக இருக்கும். நிமோகாக்கஸால் வருவது குழந்தைகளின் எச்.யு.எஸ்.ஸில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான், பேதி இருக்காது, கூம்ப்ஸ் பல நேரம் பாசிட்டிவாக வரும். அதாவது மாமா குற்றத்துக்கு ஆதாரமாகப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த நோயின் அங்க அடையாளமே.

ஏன் அப்படி? நம் சிவப்பணுவின் மேல்தோலில் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன, அதன் நுனியில் சியாலிக் அமிலம் என்று ஒரு மூடி. நிமோகாக்கஸிடம் நியூராமினிடேஸ் என்று ஒரு நொதி உண்டு, வேலையே அந்த மூடியைக் கத்தரிப்பது. மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்வதற்காக அது வைத்திருக்கிற கருவி, ரத்தத்துக்குள் நிறைய வந்துவிட்டால் சிவப்பணு, பிளேட்லெட், சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய் உள்சுவர் என்று கண்டதன் மூடியையும் திறந்துவிடும். உள்ளே பிறந்ததிலிருந்து மறைந்தே இருந்த ஒரு பகுதி வெளியே தெரியும், டி ஆன்டிஜன் என்று பெயர். இதற்கு எதிரான ஆன்டிபாடி பெரியவர்கள் எல்லாருடைய ரத்தத்திலும் ஏற்கெனவே இருக்கிறது (குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பார்த்துப் பார்த்து உடம்பு செய்து வைத்தது). மூடி இருக்கிற வரை அதற்கு வேலையில்லை. மூடி போனதும் சொந்த அணுவே அந்நியன் மாதிரி தெரிகிறது. அணுக்கள் உடைகின்றன, கிட்னியின் குழாய்களில் சின்னச் சின்ன உறைகட்டிகள் அடைக்கின்றன, சிறுநீர் நிற்கிறது. நுரையீரல் எங்கே கிட்னி எங்கே என்று கேட்டீர்களே கேள்விக்குறி, நடுவே ரத்தம் இருக்கிறது.

பிளாஸ்மா கூடாது என்றதும் ரத்தத்தைக் கழுவியதும் இதற்காகத்தான். கொடுப்பவரின் பிளாஸ்மாவில் அந்த ஆன்டிபாடி இருக்கும், அதையும் சேர்த்து ஏற்றினால் எரிகிற அடுப்பில் எண்ணெய். அதனால் சிவப்பணுவைச் சலைனில் கழுவிப் பிளாஸ்மாவை நீக்கித் தருவார்கள். (அந்த ஆன்டிபாடி நிஜமாகவே எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதில் விவாதம் உண்டு, இருந்தாலும் தவிர்ப்பதுதான் வழக்கம்.) அந்த மூன்று மணி நேரத்தைத் தாமதம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அந்த லேபில் யாரோ ஒருவர் கவனமாக யோசித்திருக்கிறார். காரணத்தை உட்கார்ந்து இரண்டு நிமிடம் சொல்லாததுதான் தப்பு, அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு கூடுதல் செய்தி, பிடித்தவர்கள் படியுங்கள். டி வெளியே தெரிகிறதா என்று பார்க்க நாங்கள் பயன்படுத்தும் பொருள் நிலக்கடலையிலிருந்து எடுக்கிற ஒரு புரதம். மூடி போன சிவப்பணுவில் ஒரு சொட்டு விட்டால் திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும், நல்ல அணுவில் ஒன்றும் ஆகாது. 1920-களில் டென்மார்க்கில் தாம்சன், ஃப்ரீடன்ரைக் என்ற இருவர் இதைத் துரத்தினார்கள். கெட்டுப்போன ரத்தச் சாம்பிள்கள் எந்த குரூப் சீரம் விட்டாலும் கட்டிக்கொள்வதைப் பார்த்து, பாக்டீரியாதான் அணுவை மாற்றுகிறது என்று கண்டுபிடித்தார்கள்.

பழைய_ஸ்டெத்:

அகார்த்தட்டு சொன்னது சரி. பொது மருத்துவனாக ஒன்று சேர்க்கிறேன். கிருமி ரத்தத்தில் கலந்தாலே பிளேட்லெட் இறங்கலாம், சிறுநீரும் குறையலாம், அதனால் ஆரம்பத்தில் "செப்சிஸ்" என்று நினைத்து இதைத் தவறவிடுவது உண்டு. ஸ்மியரில் (கண்ணாடியில் தடவிய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) உடைந்த சிவப்பணுத் துண்டுகள், ஏறிப்போன எல்.டி.எச். (அணுக்கள் உடையும்போது வெளியே வரும் நொதி), ரத்த உறைதல் சோதனைகள் பெரிதாகக் கெடாமல் இருப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் யோசனை எச்.யு.எஸ். பக்கம் திரும்ப வேண்டும். ஐந்தாம் நாளே பெயர் சொல்லி டயாலிசிஸும் தொடங்கியிருக்கிறார்கள், மெத்தனமாக இருந்தவர்கள் செய்கிற வேலை இல்லை.

கேள்விக்குறி:

சரி, கிருமிதான் என்றே வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி போட்டார்களா இல்லையா? போட்டிருந்தால் எப்படி வந்தது? பதில் சொல்லுங்கள்.

பொன்மலைக்காரன்:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்றரை மாதத்திலும் மூன்றரை மாதத்திலும் போட்டது அட்டையில் இருக்கிறது. ஒன்பதாம் மாத ஊசி போடவில்லை. அப்போது குழந்தைக்குச் சளி, பிறகு நாங்கள் ஊர் மாறினோம், அப்படியே விட்டுப்போயிற்று. அக்கா இதை நினைத்து நினைத்து அழுகிறாள்.

அகார்த்தட்டு:

அக்காவிடம் சொல்லுங்கள், அந்த ஒரு ஊசியால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிளஸ் டூ உயிரியலில் கிரிஃபித் சோதனை படித்தது ஞாபகம் இருக்கிறதா, 1928, எலி, வழவழப்பான கிருமி கொல்லும், சொரசொரப்பானது கொல்லாது? அது இதே நிமோகாக்கஸ்தான். வழவழப்பு என்பது அதன் மேல் இருக்கிற சர்க்கரை உறை. அந்த உறையில் நூறு வகைக்கு மேல் இருக்கின்றன, தடுப்பூசி அதில் சிலவற்றுக்கு மட்டும். அரசுத் திட்டத்தில் 2017-இல் இமாச்சலம், பீகார், உத்தரப்பிரதேசத்தின் சில பகுதிகளில் தொடங்கி 2021-இல் நாடு முழுக்க வந்தது: ஆறு வாரம், பதினான்கு வாரம், ஒன்பது மாதம். புனேயில் தயாராகும் ஊசியில் 10 வகை. அதில் 19ஏ இருக்கிறது, 3 இல்லை. 13 வகை ஊசியில் 3 இருக்கிறது, ஆனால் அந்த வகைக்கு எதிராக அது அவ்வளவு பலமாக வேலை செய்வதில்லை. வகை 3-க்கு உறை ரொம்பத் தடிப்பு, தட்டில் வளர்த்தால் சளி சொட்டின மாதிரி பளபளவென்று வழியும், பார்த்தவுடனே தெரியும். நெஞ்சில் சீழ் கட்டுவதிலும் இந்த எச்.யு.எஸ்.ஸிலும் 3, 19ஏ இரண்டும் அடிக்கடி அடிபடும் பெயர்கள். இந்தக் குழந்தைக்கு எந்த வகை என்று பார்த்தார்களா? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள், சாதாரண லேபில் அந்த வசதி கிடையாது.

ஆக, கேள்விக்குறி, தடுப்பூசி போட்டும் வரலாம், உண்மை. அதற்காகப் பூட்டு பயனில்லை என்று யாரும் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதில்லை. விட்டுப்போன ஊசியைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், இப்போதும் ஈடுகட்ட வழி இருக்கும்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

நிமோகாக்கஸ் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது வேறு ஒரு முகம். எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த காலம். முப்பது சொச்சம் வயது ஆள், சொந்தக் காலில் நடந்து காஷுவாலிட்டிக்கு வந்தார். காலையிலிருந்து குளிர் காய்ச்சல், வாந்தி, உடம்பு வலி. இருமல் இல்லை, சளி இல்லை. வைரல் ஃபீவர் மாதிரிதான் இருந்தது. பி.பி. பார்க்கச் சட்டையைத் தூக்கினேன், வயிற்றின் இடது பக்கம் பழைய தையல் தழும்பு. என்ன ஆபரேஷன் என்றேன். "சின்ன வயசுல ரத்தசோகைக்காக மண்ணீரலை எடுத்துட்டாங்க சிஸ்டர்" என்றார். எனக்கு அன்றைக்கு அது முக்கியம் என்று தெரியாது. டியூட்டி டாக்டருக்குத் தெரிந்தது, ஓடி வந்தார், உடனே ஊசி போடச் சொன்னார்.

சாயங்காலம் முழங்காலில் ஊதாப் புள்ளிகள். மை ஒற்றும் தாளில் மை பரவுமே, அந்த மாதிரி கண்ணெதிரே ஒன்றோடொன்று சேர்ந்தன. ராத்திரி பத்து மணிக்கு மூக்கு நுனியும் காது மடலும் கத்தரிக்காய் நிறம். விரல்கள் குளிர்ந்து நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தன. லேபிலிருந்து ஒரு பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான், சாதாரண ரத்த ஸ்மியரிலேயே கிருமி ஜோடி ஜோடியாகத் தெரிகிறது என்று. கல்ச்சர் வைத்து வளர்த்துப் பார்க்க வேண்டிய கிருமி, ஒரு சொட்டு ரத்தத்தில் நேராகவே தெரிந்தால் உடம்பில் எவ்வளவு இருந்திருக்கும்.

விடியும் முன் போய்விட்டார். வந்து இருபது மணி நேரம் ஆகியிருக்காது. கையெழுத்துப் போட்டு உள்ளே வந்த ஆள்.

ஒன்று_குறைவு:

சிஸ்டர், படிக்கும்போதே கை நடுங்குகிறது. நான் அந்த ஆள்தான், இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்பது மட்டும் வித்தியாசம்.

2011-இல் பைக் விபத்து, மண்ணீரல் கிழிந்துவிட்டது, எடுத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே வரி. "இனிமேல் கவனமாக இருங்கள்" என்றார்கள், எதில் கவனம் என்று சொல்லவில்லை. நான் காரம் குறைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்! ஆறு வருடம் கழித்து, தங்கச்சி கல்யாணத்துக்காக ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்தபோது லேபில் இருந்த பெண், "உங்களுக்கு மண்ணீரல் இல்லையா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். சிவப்பணுவுக்குள் சின்னப் புள்ளிகள் தெரிகின்றன, மண்ணீரல் இருந்தால் அதைப் பொறுக்கி எடுத்திருக்கும் என்றார். தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்ட முதல் ஆளும் அவர்தான்.

பழைய_ஸ்டெத்:

ஹோவெல்-ஜாலி புள்ளிகள். கூர்மையான பெண்.

மண்ணீரல் என்பது பழைய சிவப்பணுவை வடிகட்டும் சல்லடை மட்டுமில்லை, உறை போர்த்திய கிருமிகளைப் பிடிக்கிற முக்கியமான காவல் நிலையம். உறை இருந்தால் வெள்ளணு வழுக்கி விழும், மண்ணீரல்தான் அதைப் பிடித்துக் கொடுக்கும். 1952-இலேயே கிங், ஷூமேக்கர் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள், மண்ணீரல் எடுத்த சிசுக்களுக்குக் கடுமையான ரத்தத் தொற்று வருவதை எழுதிவிட்டார்கள். எத்தனை வருடம் ஆயிற்று பாருங்கள், இன்னும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே வரி. இப்படித் தொற்று வந்துவிட்டால் பாதிப் பேர் வரை இறந்துபோகிறார்கள், பிழைத்தவர்களில் சிலருக்கு விரலோ காலோ போகும். சிஸ்டர் பார்த்த தோல் கறுப்புக்குப் பர்ப்யூரா ஃபுல்மினன்ஸ் என்று பெயர்.

திட்டமிட்டு எடுப்பதானால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஊசி போட வேண்டும், விபத்தில் அவசரமாக எடுத்தால் இரண்டு வாரம் கழித்து. நிமோகாக்கஸ் மட்டும் போதாது, மெனிங்கோகாக்கஸ், ஹிப் (இரண்டும் உறை போர்த்திய வேறு கிருமிகள்), வருடா வருடம் ஃப்ளூ. அப்புறம், மண்ணீரல் உடம்பில் இருந்தும் வேலை செய்யாதவர்கள் உண்டு: அரிவாள் செல் சோகைக்காரர்களுக்குச் சின்ன வயதிலேயே அது சுருங்கிச் செத்துவிடும். நீலகிரிப் பழங்குடியினரிடையே அது இருக்கிறது, அந்தக் குழந்தைகளுக்குத் தினமும் பென்சிலின் கொடுப்பதன் காரணமும் இதுதான்.

ஒன்று_குறைவு:

ஊசிகள் எல்லாம் போட்டாயிற்று. பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், "எனக்கு மண்ணீரல் இல்லை, காய்ச்சல் என்றால் தாமதிக்காமல் ஆன்டிபயாடிக்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். பையில் எப்போதும் அமாக்ஸிசிலின், டாக்டர் எழுதிக் கொடுத்தது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முதல் டோஸைப் போட்டுக்கொண்டே ஆட்டோ பிடிப்பேன். போன வருடம் அப்படிப் போனதற்கு டியூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர் சிரித்தார், சீனியர் சிரிக்கவில்லை.

காதோரம்:

இங்கே எழுதுகிற அளவுக்கு எனக்கு மருத்துவம் தெரியாது. என் மகனுக்கு 11 மாதத்தில் இதே கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்தது. 14 நாள் ஊசி, வலிப்பு ஒரு தடவை, அப்புறம் நன்றாகிவிட்டான், சிரித்தான், தவழ்ந்தான். எல்லாரும் கோயிலுக்குப் போய்வரச் சொன்னார்கள். வீட்டில் குக்கர் விசில் அடித்தபோது திரும்பவில்லை. விளையாட்டு மும்முரம் என்று நினைத்தேன். மறுநாள் வேண்டுமென்றே அவன் முதுகுக்குப் பின்னால் தாம்பாளத்தைக் கீழே போட்டேன். அவன் பாட்டுக்கு ஒரு ஸ்பூனை நக்கிக்கொண்டிருந்தான்.

பெரா டெஸ்டில் (காது கேட்கிறதா என்று பார்க்கிற சோதனை) இரண்டு காதும் கேட்கவில்லை என்று வந்தது. மெஷின் வைத்து ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்கள் ஒரு இடத்தில். இன்னொரு இ.என்.டி. டாக்டர் எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டுக் கத்தாத குறை: "ஆறு மாதமா? காதுக்குள்ள எலும்பு வளர்ந்து அடைச்சிடும்மா, அப்புறம் கம்பி உள்ளே போகாது." மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு உள்காதின் நத்தைக்கூட்டில் தழும்பு கட்டி எலும்பாக மாறுமாம், சில வாரங்களிலேயே தொடங்கிவிடுமாம். முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதுக்குள் கம்பி செலுத்திக் கேட்க வைக்கிற கருவி) செய்தோம். ஒரு பக்கம் முழுதாக உள்ளே போயிற்று. மறு பக்கம் அதற்குள்ளேயே பாதி அடைத்துவிட்டது.

இப்போது அவனுக்கு ஐந்து வயது, பேசுகிறான், "ர" மட்டும் வரவில்லை. மூளைக்காய்ச்சலில் இருந்து வந்த பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று யாரும் இருக்காதீர்கள், வீட்டுக்கு வருவதற்குள் காது டெஸ்ட் கேட்டு வாங்குங்கள். டாக்டர் சார், ஒரு கேள்வி. ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு போட்டிருந்தால் காது பிழைத்திருக்குமா? யாரோ சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை.

பழைய_ஸ்டெத்:

அம்மா, நேராகவே சொல்கிறேன். ஆன்டிபயாடிக் பட்டதும் கிருமி வெடித்து உள்ளிருக்கும் நஞ்செல்லாம் கொட்டும், அந்த அழற்சியைத் தணிக்கத்தான் டெக்ஸாமெத்தசோன். முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்குக் கொஞ்சம் முன்போ கூடவேயோ போட்டால்தான் பயன். 2002-இல் நெதர்லாந்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நிமோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் அது உயிர்ப்பலியைக் குறைக்கிறது என்று காட்டியது. குழந்தைகளின் காதுக்கு அதன் பலன் ஹிப் கிருமியில் தெளிவு, நிமோகாக்கஸில் அவ்வளவு தெளிவில்லை. போட்டிருந்தால் கேட்டிருக்கும் என்று உங்களிடம் சொன்னவருக்கு அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. தாம்பாளத்தைப் போட்டுப் பார்த்தீர்களே, ஒரு காது கிடைத்தது அதனால்தான்.

கேள்விக்குறி:

தாம்பாளம் படித்ததும் வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஒரு சந்தேகம் மட்டும், சண்டைக்கு இல்லை. இவ்வளவு ஆன்டிபயாடிக் இருக்கிற காலத்தில் ஏன் இப்படி ஆகிறது? பென்சிலினுக்குச் சாகிற கிருமி என்றுதானே படித்தோம்?

பழைய_ஸ்டெத்:

நல்ல கேள்வி, இதே கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டவர் ஒருவர் இருக்கிறார், ராபர்ட் ஆஸ்ட்ரியன். 1950-களில் புரூக்ளினில் வேலை பார்த்தார். பென்சிலின் வந்துவிட்டது, நிமோனியா கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் அவர் கணக்கெடுத்துப் பார்த்தார். 1964-இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் கிருமி கலந்தவர்களில் முதல் ஐந்து நாளுக்குள் சாகிறவர்களைப் பென்சிலினால் காப்பாற்ற முடியவில்லை என்று காட்டினார். மருந்து கிருமியைக் கொல்கிறது, கிருமி ஏற்கெனவே கிளப்பிவிட்ட நாசத்தை நிறுத்துவதில்லை. பொன்மலைக்காரன் வீட்டுக் குழந்தைக்கும் காய்ச்சல் இறங்கிய பிறகுதானே சிறுநீர் நின்றது.

அதனால்தான் அவர் கைவிடப்பட்டிருந்த தடுப்பூசியைத் திரும்பக் கையிலெடுத்தார், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் சோதனை நடந்தது, 1977-இல் 14 வகை ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவர் பெயரில் ஒரு அபூர்வ நோயும் இருக்கிறது, ஆஸ்ட்ரியன் சிண்ட்ரோம்: நிமோனியா, மூளைக்காய்ச்சல், இதய வால்வில் தொற்று, மூன்றும் ஒன்றாக. 1957-இல் எழுதினார். பெரும்பாலும் நீண்ட நாள் குடிப்பழக்கம் உள்ளவர்கள். என் 26 வருடத்தில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன், கொத்தனார். குழப்பமாகப் பேசுகிறார் என்று கூட்டி வந்தார்கள், குடி நிறுத்தியதால் என்றுதான் முதலில் நினைத்தோம். கழுத்து விறைப்பு, நெஞ்சில் நிமோனியா, இரண்டும் பிடிபட்டன. மூன்றாவதை ஒரு முதுகலை மாணவி பிடித்தாள், நேற்று இல்லாத ஒரு முணுமுணுப்பு இன்று இதயத்தில் கேட்கிறது என்று. எக்கோவில் பெருந்தமனி வால்வு ஓட்டை. இந்தக் கிருமி வால்வை நாள்கணக்கில் தின்றுவிடும், அறுவைக்கு அனுப்பினோம். பிழைத்தார். குடியை விடவில்லை, அது வேறு கதை.

பொன்மலைக்காரன்:

எல்லாருக்கும் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று, மன்னிக்கவும். கேஸ் ஷீட் நகல் கிடைத்தது. முதல் பை ரத்தம் ஏறியது ஐந்தாம் நாள் மாலை 6.40. ஹீமோகுளோபின் 5.8, கூம்ப்ஸ் பாசிட்டிவ் இரண்டும் வந்த சாம்பிள் அன்று மதியம் 12.15. அதற்கு முன்னால் ரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றியதாக எங்கும் இல்லை, டியூப் போட்ட நாளிலும் இல்லை.

மாமாவிடம் காட்டினேன். பத்து நிமிடம் அந்த இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்ப அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. வக்கீலுக்குப் போன் போகவில்லை என்று அக்கா சொன்னாள்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

நல்லது தம்பி. பின்தொடர்ச்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிட்னி திரும்பிவிட்டது என்று இரண்டு மாதத்தில் போவதை நிறுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பி.பி., சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். பி.பி. எடுக்கும்போது குழந்தைக்கான சின்னப் பட்டை போடுகிறார்களா என்று பாருங்கள், பெரியவர்கள் பட்டையைச் சுற்றினால் குறைவாகக் காட்டும்.

பொன்மலைக்காரன்:

கண்டிப்பாக சிஸ்டர். வெள்ளிக்கிழமை செக்கப் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் புதிதாக. நான் இந்த இழையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடலை என்று வந்த இடத்தோடு அம்மா நின்றுவிட்டாள். வீட்டில் இருந்த கடலை மிட்டாய் டப்பா, சட்னிக்கு வைத்திருந்த கடலை, கடலை எண்ணெய் எல்லாம் பரண் மேல் போய்விட்டது. "கடலை பட்டா ரத்தம் கட்டிக்குமாம்" என்று பக்கத்து வீடு வரை செய்தி போயாயிற்று. அகார்த்தட்டு, நீங்களே ஒரு வரி எழுதுங்கள், நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

அகார்த்தட்டு:

அம்மா, அது லேபில் கண்ணாடிப் பட்டையில் விடுகிற சொட்டு. சாப்பிடுகிற கடலைக்கும் பேத்தி ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. எண்ணெயைக் கீழே இறக்குங்கள்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

எண்ணெயை இறக்கலாம். 16 மாதக் குழந்தைக்கு முழுக் கடலையும் மிட்டாயும் எப்படியும் கூடாது, மூச்சுக்குழாயில் போய் உட்காரும். அந்த டப்பா பரணிலேயே இருக்கட்டும்.